எறும்பு போடும் வெக்டர் கணக்கு: ப்ளஸ் ஒன் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ப்ளஸ் ஒன் வகுப்புக்கு இயற்பியலும் கணிதமும் விலங்கியலும் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



இயக்கவியல் அலகு தொடங்கும் நாட்களில் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துசேர வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். ஸ்கேலர், வெக்டர், முக்கோண விதி, இணைகர விதி என்று கரும்பலகை நிறையும் நாட்கள் அவை. கடந்த தொலைவு வேறு, இடப்பெயர்ச்சி வேறு என்று புரியவைக்க நாம் எல்லோரும் ஒரே உதாரணத்தைத்தான் எடுப்போம். ஒருவர் கிழக்கே 3 கிலோமீட்டர் போகிறார். பிறகு வடக்கே 4 கிலோமீட்டர் போகிறார். புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே ஐந்து என்று சொல்லிவிடும். அந்த ஆள் எதற்குப் போனார், வீடு திரும்பினாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டால் வெயிலில் செத்துப்போகும் உயிர் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதற்கு உங்கள் வகுப்பில் ஒரு பீரியட் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

துனிசியா நாட்டின் உப்புத் தரைகளில் வாழ்கிறது கேட்டாகிளிபிஸ் ஃபோர்ட்டிஸ் என்ற எறும்பு. நீண்ட கால்கள், அசாத்திய வேகம். மற்ற பூச்சிகள் வெயில் தாங்காமல் சுருண்டு விழும் நண்பகலில், அந்தச் சடலங்களைப் பொறுக்க இது தன்னந்தனியாக வளையை விட்டு வெளியே வரும். நம் வீட்டுச் சுவரில் போகும் எறும்புகளைப் போல வரிசை கட்டாது. தடம் போட்டாலும் அந்தச் சூட்டில் வாசனை நிற்காது. அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு செடியோ பாறையோ இல்லாத வெட்ட வெளி. வளையின் வாய் தரையோடு தரையாக ஒரு சிறு துளை. கொஞ்சம் தள்ளிப் போனாலே எறும்பின் கண்ணுக்கு மறைந்துவிடும். அங்கே அது இடமும் வலமுமாக வளைந்து நெளிந்து 100 மீட்டருக்கும் மேல் அலைகிறது. இரை கிடைத்ததும் வந்த வழியைத் தேடுவதில்லை. உடம்பைத் திருப்பி, வளையை நோக்கி நேர்கோடாக ஓடுகிறது.

ஜூரிச் பல்கலைக்கழகத்தின் ரூடிகர் வேனர் பல பத்தாண்டுகள் கோடைதோறும் துனிசியாவுக்குப் போய் இந்த எறும்பின் பின்னால் நடந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் செய்த சோதனைகளில் மிக எளிமையானது இது. இரையைக் கவ்விய எறும்பைப் பிடித்து, வேறொரு வெட்ட வெளியில் கொண்டுபோய் விடுவார்கள். வாசனையாலோ அடையாளத்தாலோ வளையைக் கண்டுபிடிக்கிறது என்றால் அது திகைத்து நிற்க வேண்டும். திகைப்பதே இல்லை. பிடிபட்ட இடத்திலிருந்து வளை எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, அதே திசையில் அதே தூரம் ஓடுகிறது. வளை இருக்க வேண்டிய இடம் வந்ததும் நின்று, அந்த இடத்தையே மையமாக வைத்துச் சுற்றிச் சுற்றித் தேடத் தொடங்குகிறது. அங்கே வளை இல்லை. ஆனால் கணக்கு சரி. வெளியே கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு திருப்பத்தையும் ஒவ்வொரு நடையையும் கூட்டிக்கொண்டே வந்து, எந்த நொடியிலும் வீட்டுக்கு ஒரே ஒரு அம்புக்குறியைத் தலைக்குள் தயாராக வைத்திருக்கிறது. அறிவியலில் இதற்குப் பாதைத் தொகையிடல் என்று பெயர். தொகை நுண்கணிதம் நடத்தும் கணித ஆசிரியர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

வெக்டரைக் கூட்டுவதற்கு முதலில் தூரத்தை அளக்க வேண்டுமே. இங்கேதான் 2006இல் மத்தியாஸ் விட்லிங்கர், வேனர், ஹரால்ட் வோல்ஃப் ஆகிய மூவரும் வெளியிட்ட சோதனை வருகிறது. வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். எறும்புகளை 10 மீட்டர் நீளமுள்ள நேரான வாய்க்கால் போன்ற தடத்தில் இரை இருக்கும் இடம் வரை நடக்கவிட்டார்கள். அங்கே பிடித்து, சிலவற்றின் கால்களில் பன்றி மயிரை ஒட்டிப் பொய்க்கால் கட்டினார்கள். வேறு சிலவற்றின் கால்களைக் குட்டையாக்கினார்கள். பிறகு திரும்பி ஓட விட்டார்கள். எதுவும் செய்யப்படாத எறும்புகள் 10 மீட்டரை ஒட்டி நின்று வளையைத் தேடின. பொய்க்கால் எறும்புகள் 15 மீட்டர் வரை போய் நின்று தேடின. கால் குட்டையானவை 6 மீட்டர்கூடப் போகவில்லை. ஒவ்வொன்றும் போகும்போது வைத்த அடிகளின் எண்ணிக்கையையே திரும்பும்போதும் வைத்தது. அடியின் நீளம்தான் மாறிப்போயிருந்தது. பிறகு அதே பொய்க்காலோடும் குட்டைக் காலோடும் வளையிலிருந்து கிளம்ப விட்டபோது, போவதும் வருவதும் ஒரே அளவு அடியாகிவிட்டதால், தேடல் மறுபடி 10 மீட்டருக்கே வந்துவிட்டது. இந்த இரண்டாம் பாதி இல்லாவிட்டால், கால் மாறிய குழப்பத்தில் ஏதோ ஓடியது என்று யாரும் தள்ளிவிடலாம். கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கூறுகளைப் பிரிக்கும் பாடத்துக்கு இன்னொன்று. 2001இல் வெளிவந்த ஆய்வில், வழியெங்கும் மேடும் பள்ளமுமாக அமைத்த தடத்தில் எறும்பை நடக்கவிட்டு, திரும்பும்போது சமதளத்தில் விட்டார்கள். மேட்டில் ஏறி இறங்கிய நீளம் முழுவதையும் அது ஓடவில்லை. அந்தப் பாதையின் கிடைத்தள நீளம் எவ்வளவோ அவ்வளவே ஓடியது. சாய்தளத்தில் நடந்த தூரத்தைக் கொசைனால் பெருக்கு என்று நாம் எத்தனை முறை சொல்லிக்கொடுக்கிறோம்! எறும்பு அதைக் காலால் செய்கிறது.

திசை? அதற்கு வானம். சூரியனையும், வானத்து நீல ஒளியின் தளவிளைவையும் எறும்பு பார்க்கிறது. அதன் கண்ணின் மேல் விளிம்பில் உள்ள சில லென்ஸுகள் இந்த வேலைக்கென்றே அமைந்தவை. துனிசியாவின் கைரவான் நகரில் மருத்துவராக இருந்த ஃபெலிக்ஸ் சான்ட்ஸ்கி என்ற சுவிஸ்காரர் 1911லேயே கையில் ஒரு கண்ணாடியோடு இதைத் தொட்டுவிட்டார். போகும் எறும்புக்குச் சூரியனை மறைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கண்ணாடியால் வெயிலைக் காட்டினால், எறும்பு திரும்பி எதிர்த்திசையில் நடந்தது.

வானம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை மனிதர்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். யான் சௌமனும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியின் காட்டிலும் துனிசியாவின் சஹாரா மணலிலும் ஆட்களை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். மேகம் மூடியதும் தாங்கள் நேராகப் போவதாக நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ளேயே சிலர் சுற்றிவந்தார்கள். ஒவ்வொரு அடியிலும் ஏற்படும் சின்னக் கோணப் பிழை அடுத்த அடியின் பிழையோடு சேர்ந்துகொண்டே போகும். பிழைகளின் கூட்டல் என்று முதல் அலகில் நடத்துகிறோமே, அதன் உடம்பு இது.

இனி நான் உங்களிடம் அதிகம் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். எறும்பு கணக்கைப் போடுகிறது என்பது சரி. எதைக் கொண்டு போடுகிறது? மூளையில் பேனா இல்லை, வரைபடத் தாள் இல்லை, இருப்பவை நரம்பு செல்கள். அவை ஒரு வெக்டரை எப்படி எழுதிவைக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தந்தது பழ ஈ. பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றும் அதே சின்ன ஈ. 2015இல் அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு நிலையத்தில் யோஹனஸ் சீலிக்கும் விவேக் ஜெயராமனும், காற்றில் மிதக்கும் ஒரு பந்தின்மேல் ஈயை நடக்கவிட்டு, அது நடந்துகொண்டிருக்கும்போதே அதன் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஈயின் மூளை நடுவில் உளுந்து வடை போல ஓட்டையோடு ஒரு வளையம் இருக்கிறது. எந்த நேரத்திலும் அந்த வளையத்தின் ஒரு பக்கத்துச் செல்கள் மட்டும் விழித்திருக்கின்றன. ஈ திரும்பினால் அந்த விழிப்பு வளையத்தைச் சுற்றி நகர்கிறது. ஈ முழுச் சுற்று சுற்றினால் அதுவும் முழுச் சுற்று வருகிறது. விளக்கை அணைத்த பிறகும் ஈ திரும்பத் திரும்ப அது நகர்ந்துகொண்டே இருந்தது. வெளியில் பார்க்க எதுவும் இல்லாதபோது, தான் எவ்வளவு திரும்பினோம் என்ற உடம்பின் தகவலே அதைத் தள்ளுகிறது. 2017இல் அப்படித் தள்ளும் செல்களையும் கண்டுபிடித்தார்கள்: வளையத்தை ஒரு பக்கம் தள்ள ஒரு கூட்டம், மறுபக்கம் தள்ள இன்னொரு கூட்டம். கோணத் திசைவேகம் உள்ளே போகிறது, கோணம் வெளியே வருகிறது.

இதில் எனக்கு மிகப் பிடித்த வரலாறு ஒன்று உண்டு. எலியின் மூளையில் தலை நோக்கும் திசையைக் காட்டும் செல்களை ஜேம்ஸ் ரேங்க் 1984இல் கண்டார். அவை எப்படி வேலை செய்யும் என்று யோசித்த கோட்பாட்டாளர்கள் 1990களின் நடுவில், கணக்குக்கு வசதியாக அந்தச் செல்களைத் தாளில் ஒரு வளையமாக வரைந்தார்கள். எலியின் மூளையில் அப்படி ஒரு வளையம் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. இருபது ஆண்டுகள் கழித்து, பழ ஈயின் மூளையில் அது நிஜ வளையமாகவே இருந்தது.

ஆனால் நோக்கும் திசையும் போகும் திசையும் ஒன்றல்ல. காற்று பக்கவாட்டில் அடித்தால் ஈயின் முகம் ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம். ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு! 2022இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் காபி மேய்மன் குழுவும் ஹார்வர்டின் ரேச்சல் வில்சன் குழுவும் ஒரே சமயத்தில் இந்தப் படகுக் கணக்கின் விடையை ஈயின் மூளைக்குள் கண்டார்கள். வளையத்துக்கு மேலே உள்ள விசிறி வடிவப் பகுதியில் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு வெக்டரை மூளை அந்த வரிசையில் ஒரு சைன் அலையாக எழுதுகிறது. அலையின் உச்சி இருக்கும் இடம் திசை. அலையின் வீச்சு நீளம். முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்று உடம்பைப் பொறுத்து நான்கு திசைகளுக்கு நான்கு அலைகள். கண்ணுக்கு முன் காட்சி எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நழுவுகிறதோ, அதற்கேற்ப ஒவ்வொன்றின் வீச்சும் ஏறி இறங்கும். நான்கையும் அடுத்த வரிசைச் செல்கள் கூட்டுகின்றன. கூட்டிவரும் அலையின் உச்சி, உலகத்தைப் பொறுத்து ஈ உண்மையில் போகும் திசையைக் காட்டுகிறது.

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடலாம். எட்டுப் பெட்டிகள் வரையுங்கள். 0, 45, 90 என்று 315 டிகிரி வரை பெயரிடுங்கள். பெட்டியின் கோணத்துக்கும் வெக்டரின் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் கொசைனை எடுத்து, வெக்டரின் நீளத்தால் பெருக்கி, அந்தந்தப் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். கிழக்கே 3 என்பது இப்படி வரும்: 3, 2.12, 0, –2.12, –3, –2.12, 0, 2.12. வடக்கே 4: 0, 2.83, 4, 2.83, 0, –2.83, –4, –2.83. இரண்டு வரிசைகளையும் பெட்டிக்குப் பெட்டி கூட்டினால் 3, 4.95, 4, 0.71, –3, –4.95, –4, –0.71. உச்சி 45க்கும் 90க்கும் இடையில், 45க்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறது. அலையை வரைந்து பார்த்தால் 53 டிகிரியில், 5 உயரத்தில். நாம் காலங்காலமாக நடத்தும் அதே மூன்று, நான்கு, ஐந்து. எங்கும் முக்கோணம் வரையவில்லை, வர்க்கமூலம் எடுக்கவில்லை. பெட்டிக்குப் பெட்டி கூட்டல் மட்டும். நரம்பு செல்லுக்குத் தெரிந்த கணக்கும் கூட்டல்தான். (செல்லுக்கு எதிர்மறை எண் கிடையாது, ஓர் அடிப்படை அளவுக்கு மேலும் கீழுமாக அது பேசும். எல்லாப் பெட்டியிலும் ஒரே எண்ணைச் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.) ஏன் இப்படி வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, இரு கோணங்களின் வித்தியாசத்துக்கான கொசைன் சூத்திரத்தை விரித்துக் காட்டுங்கள். முக்கோணவியல் பாடத்தில் மனப்பாடம் செய்த அந்தச் சூத்திரத்தில் ஒரு கெழு கிழக்குக் கூறாகவும் மறு கெழு வடக்குக் கூறாகவும் நிற்பதை அவர்களே பார்ப்பார்கள்.

இதை யாருக்கு நடத்துவது என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு விலங்கியலில் நியூரான் உண்டு. ஆனால் கணிதம் என்ற பாடமே கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் கணிதம் உண்டு. உயிரியலைப் பத்தாம் வகுப்போடு மூடிவைத்தாயிற்று. இரண்டும் கிடைத்த பயோ மேத்ஸ் பிள்ளைக்கோ நீட்டும் ஜேஇஇயும் நாற்பது வினாத்தாள்களோடு காத்திருக்கின்றன. பழ ஈயின் மூளையில் நடப்பதைக் கண்டுபிடிக்க இந்த மூன்று குரூப்பும் ஒரே அறையில் உட்கார வேண்டியிருந்தது. மேய்மன் குழுவின் ஆய்வில் உடனிருந்த லாரி அபட் துகள் இயற்பியலிலிருந்து வந்தவர். தேனீ எப்படித் தூரத்தை அளக்கிறது என்று காட்டிய மாண்டயம் ஸ்ரீநிவாசன் பெங்களூரில் மின் பொறியியல் படித்தவர். சுவரெங்கும் கோலமிட்ட குறுகலான ஒரு சுரங்கத்துக்குள் தேனீக்களை 6 மீட்டர் மட்டும் பறக்கவிட்டார் அவர். கூட்டுக்குத் திரும்பிய தேனீ, மற்றவற்றுக்கு இரையின் தூரத்தைச் சொல்லும் நடனத்தில், தான் 180 மீட்டருக்கும் மேல் பறந்துவந்ததாக ஆடியது. சுவர் மிக அருகில் இருந்ததால் காட்சி வேகமாக நழுவியது. அதையே தேனீ தூரமாகக் கூட்டிக்கொண்டது. காட்சியின் வேகத்தை அளக்கலாம் என்று யோசிக்க ஒரு பொறியாளரின் கண் உதவியிருக்கும் என்றே நம்புகிறேன்.

விலங்கியல் ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாலூட்டிகளின் மூளையில் இந்த வேலை எங்கே நடக்கிறது என்பதற்கான தடயங்களுக்காகத்தான் 2014இன் மருத்துவ நோபல் பரிசு ஜான் ஓ'கீஃபுக்கும், மே-பிரிட் மோசர், எட்வார்ட் மோசர் இருவருக்கும் போனது. ஓ'கீஃப் 1971இல் எலியின் ஹிப்போகாம்பஸில் இடம் காட்டும் செல்களைக் கண்டார். மோசர்களின் குழு 2005இல் அதன் பக்கத்தில் உள்ள என்டோரைனல் புறணியில், அறுகோண வலை போன்ற ஒழுங்கில் விழிக்கும் செல்களைக் கண்டது. அல்சைமர் நோயில் முதலில் பாதிக்கப்படும் பகுதிகளில் அந்தப் புறணியும் ஒன்று. பழகிய தெருவிலேயே பெரியவர்கள் வழி தவறுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் தன் நடையைத் தானே கூட்டும் திறனைச் சோதித்து நோயை முன்கூட்டியே அறியலாமா என்ற முயற்சிகள் நடக்கின்றன. நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் போகப்போகும் உங்கள் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

உட்செவியின் அரைவட்டக் குழல்களை நடத்தும்போது மிட்டல்ஸ்டெட் தம்பதியரின் 1980ஆம் ஆண்டுச் சோதனையைச் சொல்லுங்கள். இருட்டில், கூட்டைவிட்டு விலகிய குட்டியைத் தேடிப்போன தாய் ஜெர்பில் எலி, குட்டியைக் கவ்விக்கொண்டு நேராகக் கூட்டுக்கு வந்துவிடும். குட்டியிடம் அது நிற்கும்போது, நிற்கும் மேடையை மட்டும் மிக மிக மெதுவாகச் சுழற்றினால், உட்செவிக்கு அந்தச் சுழற்சி தெரியாது. தாய் எலி திருப்பப்பட்ட அதே கோணத்துக்குத் தப்பான திசையில் ஓடும். ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு சுழல் நாற்காலியைக் கொண்டுவந்து, ஒரு மாணவனைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து மெதுவாகத் திருப்பினால், கரும்பலகை எந்தப் பக்கம் என்று வகுப்பே சிரிக்கும்படி கை காட்டுவான்.

பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. அதற்குக் கமிட்டியும் ஆண்டுகளும் வேண்டும். இயற்பியல் ஆசிரியரும் விலங்கியல் ஆசிரியரும் ஸ்டாஃப் ரூமில் பேசி, ஒரு பீரியடைச் சேர்த்து எடுங்கள். முடிந்தால் மூன்று குரூப் பிள்ளைகளையும் ஒன்றாக மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். ஒரு பிள்ளையின் கண்ணைக் கைக்குட்டையால் கட்டி, கையைப் பிடித்து 3 மீட்டர் நடத்தி, செங்கோணத்தில் திருப்பி 4 மீட்டர் நடத்தி, கையை விடுங்கள். புறப்பட்ட இடத்துக்கு நீயே போ என்று சொல்லுங்கள். போய் நின்ற இடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் குறித்து, திசையில் எவ்வளவு பிழை, தூரத்தில் எவ்வளவு பிழை என்று தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். திருப்பங்களைக் கூட்டி மறுபடி செய்தால் பிழை எப்படி வளர்கிறது என்று அவர்களே வரைபடம் போடுவார்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும் கேட்க ஒரு கேள்வியும் தருகிறேன். தளத்தில் எந்த வெக்டரையும் எழுத நமக்கு இரண்டு திசைகள் போதும், கிழக்கும் வடக்கும். மேற்கே போக வேண்டுமானால் எதிர்மறைக் குறி போட்டுக்கொள்வோம். எந்த அலையையும் தலைகீழாக்க முடியாது, நீட்டவும் குறைக்கவும் மட்டுமே முடியும் என்றால், எல்லாத் திசைகளையும் எழுதக் குறைந்தது எத்தனை வெக்டர்கள் வேண்டும்? மூன்று என்ற விடைக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். ஈ ஏன் நான்கு வைத்திருக்கிறது என்று அடுத்து அவர்கள் உங்களைக் கேட்பார்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாகப் பல ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன்